மலையூரில் உனக்காகப் பிடித்துவைத்த நாற்காலி

அன்புள்ள மகனுக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாரே இந்த மனுஷன் என்று உன் அம்மா சிரிப்பாள். சிரிக்கட்டும். நீ திருபுவனையில் இரவு ஷிப்டு முடித்து வந்து வண்டியை நிறுத்தும்போது நான் வில்லியனூர் அலுவலகத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருக்கிறேன். நான் திரும்பி வரும்போது நீ வண்டியைக் கிளப்புகிறாய். வாசலில் எதிரெதிரே வந்துவிட்டால் அறிமுகமில்லாதவர்களைப் போல ஒதுங்கி வழிவிட்டுக்கொள்கிறோம். நேரில் உட்கார்ந்து பேசலாம் என்று இரண்டு முறை நினைத்தேன். பேசினால் நான் சத்தம் போடுவேன், நீ எழுந்து போவாய், உன் அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நடுவில் நிற்பாள். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் நான் யாரிடமும் சத்தம் போட்டதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உன் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவேண்டும் என்று சாமியார் படித்தபோது, முன்வரிசையில் இருந்த நீ தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாய். நான் எழுந்து நின்று ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயந்தாயா, அல்லது இதையும் கெடுத்துவிடாதே என்று சொன்னாயா, எனக்குத் தெரியவில்லை. உன் கல்யாணத்துக்கு என்னிடம் ஒரு தடையும் இல்லை. அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருக்கிறது. கல்யாணம் முடிந்ததும் அவளோடு பிரான்சுக்குப் போக நீ எடுத்த முடிவையும் நான் தடுக்கவில்லை. நான் தடுத்தது ஒன்றைத்தான். அங்கே மலையூரில் உன் பெரியப்பா உனக்காகச் சொல்லிவைத்திருந்த வேலையை, உன்னைக் கேட்காமல், உனக்கு விருப்பமில்லை என்று எழுதி அனுப்பினேன். விஷயம் தெரிந்த அன்று சமையலறை வாசலில் நின்றுகொண்டு நீ கேட்டாய்: "எனக்கு வந்த வேலைய வேணாம்னு சொல்ல நீங்க யாருபா?" நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். அன்றைக்குச் சொல்லாத பதில்தான் இது. நீளமாக இருக்கும். பொறுத்துக்கொண்டு படி.

உனக்குத் தெரிந்த கதையிலிருந்துதான் தொடங்கவேண்டும், ஏனென்றால் அதை உனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னவன் நான். எங்கள் அம்மாவின் ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம், இங்கிலீஷ்காரன் பகுதியில் இருந்தது. அந்தப் பக்கம் என்றால் ஏதோ தூர தேசம் இல்லை, நம் உறுவையாற்று வயல் முடிந்து அடுத்த வாய்க்காலைத் தாண்டி நடந்தால் வந்துவிடும். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கப்படி அம்மா அங்கே போனாள், உன் பெரியப்பா அங்கே பிறந்தார். இரண்டாவது பிள்ளைக்குத் தாய்வீடு கிடையாது. நான் இங்கே பிறந்தேன். பிரெஞ்சுக்காரன் ஊரை விட்டுப் போனபோது சட்டம் என்ன சொன்னது? இந்த மண்ணில் பிறந்து இங்கேயே குடியிருப்பவன் பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க விரும்பினால் ஆறு மாதத்துக்குள் போய்க் கையெழுத்துப் போடவேண்டும், இல்லாவிட்டால் இந்தியன். வெளியே பிறந்தவனுக்கு அந்தக் கவலையே இல்லை, அவன் சும்மா இருந்தாலும் பிரெஞ்சுக்காரன்தான். உன் பெரியப்பா அப்போது பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, சாதாரணச் சிப்பாயாக, எங்கேயோ பாலைவனத்தில் இருந்தார். அவர் தூங்கிக்கொண்டே பிரெஞ்சுக்காரராக இருந்தார். நான் கையெழுத்துப் போடக் கிளம்பியபோது என் அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். போட்டால் மேரியில், அதுதான் நகராட்சியில், எனக்கிருந்த வேலை போய்விடும், நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று ஊரில் பேச்சு. "ஒருத்தன் போயிட்டான், நீயும் போயிட்டா எனக்கு யாருடா?" என்றார். ஆறு மாதம் போய்விட்டது.

இதில் என்னைச் சுட்டது என்ன என்பதும் உனக்குத் தெரியும். உன் பெரியப்பா நான்காவது வகுப்பில் இரண்டு தடவை தோற்றவர். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் ஆற்றில் மீன் பிடித்துக்கொண்டு திரிந்தவர். பிரெஞ்சுப் பாடத்தில் பரிசு வாங்கியவன் நான். மேரியில் எழுத்தராகச் சேர்ந்தபோது துரை என் கடிதங்களைத் திருத்தாமல் கையெழுத்திட்டார். பிறகு ஆட்சி மாறியது. என் பிரெஞ்சு ஒரே வருடத்தில் செல்லாத காசானது. இங்கிலீஷ் தெரிந்த பையன்கள் எங்கிருந்தோ வந்து எனக்கு மேலே உட்கார்ந்தார்கள். பாதிப் பேருக்கு ஒரு குறிப்பு ஒழுங்காக எழுத வராது. பென்ஷன் வாங்கும் கிழவர்களுக்கு நான் பிரெஞ்சில் மனு எழுதிக் கொடுத்தேன், அவர்கள் பிள்ளைகள் விமானம் ஏறினார்கள். எனக்கு வராமல் போன பதவி உயர்வுகளை எல்லாம், அவற்றை வாங்கியவர்கள் பெயரோடு உனக்குச் சொல்லியிருக்கிறேன். இப்போதும் அவற்றில் ஒன்றையும் நான் மன்னிக்கவில்லை. அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் சமாதானம் எதுவும் எதிர்பார்க்காதே.

ஆனால் உன் விஷயத்தில் நான் செய்தது வேறு. மற்றப் பிள்ளைகள் வெளியே விளையாடும் நேரத்தில் உன்னை உட்கார்த்திவைத்து பிரெஞ்சு வினைச்சொற்களை ஒப்பிக்கச் சொன்னேன். ஒரு எழுத்து தப்பினால் ஸ்கேலின் விளிம்பால் முட்டியில் அடித்தேன். ஒருநாள் அழுதுகொண்டே, "இது எதுக்குப்பா எனக்கு?" என்று கேட்டாய். நமக்குச் சேரவேண்டியது அங்கே ஒருவன் கையில் இருக்கிறது, நீ போய் வாங்கவேண்டும் என்று சொன்னேன். உனக்கு அப்போது ஏழு எட்டு வயது இருக்கும். அந்த வயதில் சொன்னதை நீ அப்படியே நம்பிவிட்டாய். உன் சிநேகிதர்கள் பம்பாய் என்றும் துபாய் என்றும் பேசியபோது நீ ஒரே ஊரைத்தான் பேசினாய். இப்போது நீ போகத் துடிப்பதைப் பார்த்து உன் அம்மா, "இந்தப் புள்ளைக்கு எங்கேருந்து வந்துது இந்த ஆசை?" என்கிறாள். நான் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்கிறேன்.

சென்ற ஆண்டு பெரியப்பா டிக்கெட் அனுப்பி என்னை அழைத்தார். முப்பது வருடம் கழித்து வந்த அழைப்பு. போகமாட்டேன் என்று நான்கு நாள் முறுக்கிக்கொண்டு நின்றேன். "அண்ணன்தானே கூப்புடறாரு, போனா கொறைஞ்சா போயிடுவீங்க?" என்று உன் அம்மா பெட்டியை எடுத்து வெளியே வைத்தாள். திரும்பி வந்தபோது நான் உங்களிடம் சொன்னதெல்லாம் வேடிக்கைகள். பாலாடைக்கட்டியின் நாற்றம், பேருந்தில் யாரும் யாரையும் இடிக்காதது, நாய்க்குச் சட்டை போட்டிருந்தது. மற்றதை இப்போது சொல்கிறேன்.

அவர்கள் வீடு மலையடிவாரத்து ஊரில் ஒரு கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் இருந்தது. பெரியம்மா விடியும் முன்பே ஆஸ்பத்திரித் துணிகள் வெளுக்கும் இடத்துக்கு வேலைக்குப் போய்விடுவாள். பெரியப்பா மலைமேல் போய்விடுவார். அந்த வீட்டுக் கதவை வெளியே போய்ச் சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும், சாவி இல்லாமல் திறக்காது. ஒரு சாவி அவளிடம், ஒரு சாவி அவரிடம். ஆகவே நான் உள்ளே. ஜன்னலிலிருந்து பார்த்தால் மலையும் அதன் உச்சியில் கல்லால் கட்டிய ஒரு பழைய ஊரும் தெரியும். உன் பெரியப்பா கடிதங்களில் வரும் மலையூர் அதுதான். ஓவியர்கள் வாழ்ந்த ஊர், உலகமெங்கும் இருந்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள், நான் அங்கே அரசாங்கக் கூடத்தில் பொறுப்பில் இருக்கிறேன் என்று எழுதுவாரே, அந்த ஊர். அவர் பொய் சொல்லவில்லை. ஓவியக்கூடத்துக் காவலாளி என்று அவரே எழுதியிருக்கிறார். பொறுப்பு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு மீதியை நிரப்பியவன் நான்.

ஒருநாள் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பேருந்து வளைந்து வளைந்து ஏறி மதில் வாசலில் இறக்கிவிட்டது. ஊருக்கு அந்த ஒரு வாசல்தான். உள்ளே சந்துகள், கைகளை விரித்தால் இரண்டு பக்கச் சுவரையும் தொடலாம். வீட்டுக்கும் வீட்டுக்கும் இடைவெளி கிடையாது, எல்லாம் ஒரே கல்லாக ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. மேலே பார்த்தால் வானம் வேட்டிக்கரை அகலத்துக்குத் தெரிகிறது. அழகுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அரை மணி நேரத்தில் எனக்கு மூச்சு முட்டியது. எந்தச் சந்தில் திரும்பினாலும் மறுபடி மதிலில் கொண்டுபோய் விட்டது. கழுதை கட்டிய கொட்டடிகளில் எல்லாம் இப்போது படம் தொங்குகிறது. வாசலுக்கு வாசல் ஒரு கடை, கடைக்குள் ஒருவர் நம்மைப் பார்க்காதவர் போல உட்கார்ந்திருக்கிறார். பெரியப்பா காலை இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தபடி வழி காட்டினார். இந்த வீட்டில் ஒரு ஓவியர் இருந்தார், வாடகை கொடுக்காமல் ஓடிப்போனார், இப்போது அவர் பெயரைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தப் படியில் இன்னொருவர் குடித்துவிட்டு உருண்டார். வழிகாட்டிகள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அவருக்கு மனப்பாடம். எதிரே வந்த கடைக்காரர்களுக்கு எல்லாம் அவர் வணக்கம் சொன்னார். அவர்களும் சொன்னார்கள், தலையைத் தூக்காமல்.

அவர் வேலை பார்க்கும் கூடம் ஒருகாலத்தில் எண்ணெய் ஆட்டும் இடமாக இருந்ததாம். பூமிக்குள் பாதி இறங்கியிருக்கிறது, ஜன்னல் கிடையாது, பகலிலும் விளக்கு. மூலையில் ஒரு மர நாற்காலி. எதிரே சுவரில் பெரிய படம், நீலத் தட்டில் ஏதோ மூன்று உருண்டைகள்.

"இன்னாணா இது?" என்றேன்.

"மீனு."

"மீன் மாதிரி இல்லியே."

"பாக்கப் பாக்க மீனாயிடும், பொறு" என்றார்.

அன்றைக்கு அவருக்குக் காலில் ஊசி போட்டுக்கொள்ளும் நாள். பட்டாளத்தில் அடிபட்ட கால். வாரம் ஒருமுறை அடிவாரத்துக்கு இறங்கிப் போய்ப் போட்டுக்கொண்டு வருவார், அந்த நேரம் இன்னொரு காவலாளி நாற்காலியில் இருப்பார். அன்று அந்த ஆள் வரவில்லை. பெரியப்பா சற்று நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நீலச் சட்டையைக் கழற்றி என்னிடம் நீட்டினார். தொப்பியையும் கொடுத்தார். "நீ உக்காருடா. யாராச்சும் படத்தைத் தொட்டா எழுந்து நில்லு, போதும். தோ வந்துடறேன்."

"கண்டுபுடிச்சிட்டா இன்னா பண்ணுவே?"

"நம்ம மூஞ்சி எல்லாம் இவங்களுக்கு ஒண்ணுதான்டா" என்று சிரித்தார். அவர் அதை வேடிக்கையாகத்தான் சொன்னார்.

தோ வந்துவிடுகிறேன் என்றவர் வர மதியம் தாண்டிவிட்டது. அத்தனை நேரம் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நடந்தால் வந்தவர்கள் சங்கடப்படுகிறார்கள். படிக்கக்கூடாது என்று அவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார், புத்தகமும் இல்லை. ஆட்கள் வந்தார்கள், படங்களுக்கு முன்னால் நின்றார்கள், என் முன்னால் வந்தபோது மட்டும் வேகமாகக் கடந்தார்கள். ஒரு அம்மாள் கழிப்பறை எங்கே என்று கேட்டாள். எழுந்து நின்று, துரை மெச்சிய என் பிரெஞ்சில், வெளியே சென்று இடப்புறம் படியிறங்கினால் கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று மரியாதையாகச் சொன்னேன். அவள் நான் வாயைத் திறந்ததுமே கணவன் பக்கம் திரும்பி, பாவம், இவருக்குப் புரியவில்லை என்றாள். பிறகு குழந்தைக்குச் சொல்வதுபோல் கையைக் கழுவிக் காட்டினாள். நானும் கையாலேயே வழி காட்டினேன். அவளுக்கு உடனே புரிந்தது. போகும்போது நன்றி சொன்னாள். நான் மறுபடி உட்கார்ந்தேன். எதிரே பார்த்தால் அந்த மூன்றும் மீன்களாகியிருந்தன. கண் திறந்த மீன்கள். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

மகனே, முப்பது வருடமாக ஒருவன் என்னிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று நம்பியிருந்தேன். என் அப்பாவோடு அவர் சாகும்வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மா தலைப்பிரசவத்துக்கு நடந்து போன வரப்பைப் பார்த்தாலே எனக்கு எரியும். எடுத்துக்கொண்டு போனது இந்த நாற்காலிதானா என்று அன்று அங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன். பெரியப்பாமேல் இரக்கம் வந்தது என்று நினைக்காதே. கோபம்தான் வந்தது. இதைக் கடிதத்தில் எழுதியிருந்தால் நான் இத்தனை வருடம் வெந்திருக்கமாட்டேனே என்று.

அப்போதுதான் மதாம் வந்தாள். அந்தக் கூடத்தின் நிர்வாகி. அவளைப் பற்றி உன் பெரியப்பா கடிதங்களில் நீயும் படித்திருக்கிறாய். மதாம் இனிப்பு கொடுத்தாள், மதாம் லீவு கொடுத்தாள், மதாமுக்கு என்மேல் தனி மரியாதை. நரைத்த தலை, நல்ல முகம். கூட இரண்டு விருந்தாளிகள். அண்ணனுக்கு வேலை போகப்போகிறது என்று பயந்து, என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று மனதுக்குள் வாக்கியங்களை அடுக்கினேன். அவள் நேராக என்னிடம் வந்தாள். ஒரு முழ தூரத்தில் நின்றாள். என் முகத்தைப் பார்த்துச் சிரித்து, "அந்துவான், கால் எப்படி இருக்கிறது?" என்றாள்.

அந்துவான் உன் பெரியப்பா பெயர்.

ஏதோ சொல்லவேண்டுமே என்று, விசாரித்ததற்கு மிகவும் நன்றி மதாம், சற்றுத் தேவலை என்றேன். "இன்றைக்கு உங்கள் பிரெஞ்சு நன்றாக இருக்கிறதே, அந்துவான்" என்றாள். விருந்தாளிகளிடம் திரும்பி, ஒன்பது வருடமாக எங்களோடு இருக்கிறார், குடும்பத்தில் ஒருவர் மாதிரி என்றாள். பிறகு மீன்களைக் காட்டி நெடுநேரம் பேசிவிட்டுப் போனாள். போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கண்டுகொண்டாள் என்று நினைத்தேன். படத்துக்கு முன்னால் கட்டியிருந்த கயிறு தொய்ந்திருக்கிறது, சரிசெய்யுங்கள் என்று கையால் காட்டினாள். சரிசெய்தேன்.

பெரியப்பா ஒரு நீள ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். இரைக்க இரைக்க, "யாருனா வந்தாங்களா?" என்றார். மதாம் வந்தாள் என்றேன். அவர் முகம் செத்துவிட்டது. ரொட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் மாற்றி மாற்றிப் பிடித்தார். "அய்யோ, இன்னா சொன்னா?"

உன் அப்பனை உனக்குத் தெரியும். யாராவது ஒரு சொல் தவறிச் சொன்னால் இருபது வருடம் கழித்து அதை எடுத்து நீட்டுகிறவன். அன்று என் கையில் இருந்தது அந்த மாதிரிச் சில்லறை இல்லை. அவரை அந்த இடத்திலேயே இடிந்து உட்காரவைத்துவிடலாம். ஒரே ஒரு வாக்கியம். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, "ஒண்ணும் சொல்லல. நான் தம்பின்னு சொன்னேன். ஒன் கால் எப்படி இருக்குன்னு ரொம்ப விசாரிச்சாங்க" என்றேன்.

"பாத்தியா" என்றார். அவர் கண் கலங்கிவிட்டது. "இன்னொருத்தியா இருந்தா இந்நேரம் சீட்டக் கிழிச்சிருப்பா. ஒம்போது வருசம்டா. என்ன அவளுக்கு நல்லாத் தெரியும்."

சந்தோஷத்தில் என்னை மதில்மேல் கூட்டிக்கொண்டு போனார். ரொட்டியை முறித்து எனக்குப் பாதி கொடுத்தார். கீழே ஆலிவ் மரங்கள், தூரத்தில் கடல். அங்கே உட்கார்ந்துதான் சொன்னார். அவருக்கு ஓய்வு வருகிறது. பிள்ளை இல்லாத மனிதர். நாற்காலியை யாரோ எவனோ எடுத்துக்கொள்ளக்கூடாது. "ஒன் புள்ளைக்குச் சொல்லிட்டேன்டா. மதாம் சரின்னுட்டா. 'ஒங்க ஆளுன்னா எனக்குப் போதும், அந்துவான்'னு சொன்னா. பொண்ணுகூட பாத்துட்டேன், என்கூட பட்டாளத்துல இருந்துட்டு ஊருக்குத் திரும்பனவன் பொண்ணு. பிரெஞ்சு நேஷனாலிட்டி இருக்குது. எனக்குன்னு இங்க யாருடா கீறாங்க? அவன் வந்தா போதும்." பிறகு ரொட்டியை மென்றுகொண்டே வேறு பக்கம் பார்த்துச் சொன்னார்: "ஒனக்குக் கெடைக்காதது ஒன் புள்ளைக்குக் கெடைக்கட்டும். நீ என்மேல வெச்சிருக்கிற கோவம் எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத."

நான் பார்க்கலாம் என்றேன். வேறு என்ன சொல்லமுடியும்? வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்பதற்கு ஒரே காரணம்தான் இருந்தது, அதை நானே இப்போதுதான் பொய் சொல்லி மூடிவைத்திருந்தேன். இன்னொரு பொய் சொல்ல எனக்குத் திறமை போதவில்லை. என் பார்க்கலாமை அவர் சரி என்று எடுத்துக்கொண்டு உனக்கு எழுதினார். நீ அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவந்த வேகத்தில் படியில் இடித்துக்கொண்டு கால் கட்டைவிரலில் ரத்தம் வந்தது. அதைக்கூட நீ கவனிக்கவில்லை. உன் அம்மாவைத் தூக்கிச் சுற்றினாய். நான் என்ன சொல்லியிருக்கவேண்டும்? அங்கே போகாதே, அங்கே ஒன்றும் இல்லை என்றா? எல்லாம் அங்கேதான் இருக்கிறது என்று உன் முட்டியில் அடித்துச் சொல்லிக்கொடுத்தவன் நானல்லவா. ஒரு வருடம் வாயைத் திறக்காமல் இருந்தேன். நான் பொறாமையில் இருக்கிறேன் என்று நீயும் அம்மாவும் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

அவர் சொன்ன பெண்ணைப் பார்த்தோம், பேசி முடித்தோம். பிறகு, மதாமுக்கு உன் சான்றிதழ்களின் நகல் வேண்டும் என்று பெரியப்பா கேட்டு எழுதினார். அலுவலகத்தில் என் மேஜையில் அவற்றை வரிசையாக வைத்தேன். டிப்ளமோ, திருபுவனைக் கம்பெனி கொடுத்த அனுபவக் கடிதம். கடைசல் இயந்திரத்தில் நீ செய்து கொண்டுவந்து காட்டிய அந்த இரும்புத் திருகாணி என் மேஜையில் காகிதத்தின் மேல் பாரமாக இருக்கிறது, உனக்குத் தெரியுமா? மயிரிழை பிசகாத திருகாணி. அந்தக் கை ஒரு தொய்ந்த கயிற்றைச் சரிசெய்துகொண்டு ஓய்வு பெறும்வரை உட்கார்ந்திருக்கப்போகிறது. உன் முகத்தையும் உன் பெரியப்பா முகத்தையும் ஒன்றாக நினைத்து ஒருத்தி அன்போடு கால் எப்படி இருக்கிறது என்று கேட்பாள். அவள் உன்னையும் அந்துவான் என்று கூப்பிட்டால் அதில் எனக்கு ஆச்சரியம் இருக்காது. நகல்களை அனுப்பவில்லை. என் மகனுக்கு அந்த வேலையில் விருப்பமில்லை, மன்னிக்கவும் என்று மதாமுக்கே பிரெஞ்சில் நான்கு வரி எழுதி, அதன் நகலைப் பெரியப்பாவுக்கும் போட்டேன். உன்னைக் கேட்டிருந்தால் நீ சரி என்று சொல்லியிருப்பாய். அதனால்தான் கேட்கவில்லை. அந்த நாற்காலி இந்நேரம் வேறு யாருக்கோ போயிருக்கும்.

இதனால் உனக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். வேலை இல்லாத மாப்பிள்ளையாக நீ விமானம் ஏறப்போகிறாய். பெண்ணின் அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "வேல இல்லாம அங்க போயி இன்னா பண்ணுவாரு?" என்று கேட்டார். கல்யாணம் நின்றுவிடும் என்று அன்று பயந்தேன். மறுநாள் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன், உன்னிடம் சொல்லவில்லை. அவர் பேசப் பேச நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். காப்பி கொண்டுவந்த அந்தப் பெண்தான் டம்ளரை வைத்துவிட்டு, "வேல தேடிக்குவாருபா. அவரு கைத்தொழில் தெரிஞ்சவரு. அதுவரைக்கும் நான் எதுனா பாக்கறேன்" என்றாள். அப்பன் வாயை மூடிக்கொண்டார். அவளுக்கு உன் தொழில் என்ன என்று தெரிந்திருக்கிறது. அந்த மலையூரில் யாரும் அதைக் கேட்கவே இல்லை. அவள் பேச்சைக் கேள். பிரெஞ்சுக் காகிதத்துக்காகக் கட்டிக்கொண்டான் என்று அவள் ஒருநாளும் நினைக்கும்படி நடந்துகொள்ளாதே.

அங்கே போய் நீ கஷ்டப்படுவாய். குளிரில் வாசல் வாசலாக ஏறி இறங்கும்போது என்னைத் திட்டுவாய். திட்டு. பட்டறையில் கூட்டிப் பெருக்கும் வேலை கிடைத்தாலும் செய், ஆனால் இயந்திரம் இருக்கும் இடத்தில் செய், என்றாவது உன்னை அதில் நிறுத்துவார்கள். யாராவது உன்னை வேறொருவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அந்த நிமிடமே திருத்து, மரியாதைக்காகச் சும்மா இருந்துவிடாதே. நான் கற்றுக்கொடுத்த பிரெஞ்சைப் பேசாதே, அது இப்போது அங்கே யாரும் பேசுவதில்லை. கடைத்தெருவில் என்ன பேசுகிறார்களோ அதைப் பேசு. என் கணக்கு எதையும் அங்கே தீர்க்கப் போகாதே. அங்கே தீர்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்பதைப் பார்த்துவிட்டு வந்தவன் சொல்கிறேன்.

கடைசியாக உன் பெரியப்பா. நான் எழுதியதைப் பார்த்துவிட்டு அவர் எனக்குப் பதில் போடவில்லை. கல்யாணத்துக்கு வரமாட்டார். மதாம் முன்னால் தலை குனிந்து நிற்க வைத்துவிட்டான் என்று ஊரிலிருந்து போகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறாராம். போன வாரம் அங்கிருந்து வந்த ஒருவர் பேருந்து நிறுத்தத்தில் என்னை நிறுத்தி அப்படியே ஒப்பித்தார். "'தன் புள்ள என் நாக்காலியில ஒக்காந்தா அவனுக்குத் தாங்காது. சின்ன வயசுலேருந்தே வயித்தெரிச்சல் புடிச்சவன்'னு சொல்றாரு சார். தான் செத்தாகூட மூஞ்சில முழிக்க வரவேணாமாம்." நான் சரி என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறினேன்.

அவர் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும். அன்று அந்தக் கூடத்தில் நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. உனக்குச் சொல்லாமல் இருக்கமுடியாது என்பதால் எழுதினேன். படித்ததும் இதைக் கிழித்து அடுப்பில் போடு. அங்கே போய் இறங்கியதும் வேலை தேடுவதற்கு முன்னால், பெண்டாட்டியை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போ. ஐந்து மாடி ஏறவேண்டும். மதாமைப் பற்றிப் பேசுவார், அவளுக்குத் தன்னை நன்றாகத் தெரியும் என்பார். ஆமாம் பெரியப்பா என்று சொல். பிறகு என்னைத் திட்டத் தொடங்குவார், நீண்ட நேரம் திட்டுவார். நடுவில் பேசாதே. எனக்காகப் பரிந்து ஒரு சொல்கூடச் சொல்லிவிடாதே. அவர் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிரு.

உன் அப்பா.